செபஸ்தியாரின் ஐந்தாவது அம்பு

செபஸ்தியாரின் நெஞ்சிலிருந்து அம்பை உருவி எடுத்தபோது விக்னராஜாவுக்கு அது பெரிய காரியமாகப் படவில்லை. பிடித்து இழுத்தார், வந்துவிட்டது. திரும்பச் செருகுவதும் அவ்வளவு சுகமாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். பாவம் மனுசன்.

"கழட்டியாச்சோ?" என்று கராஜ் வாசலில் நின்ற சந்திரவதனா கேட்டாள். வயிற்றில் எட்டு மாதம். ஒரு கையை இடுப்பிலும் மற்றக் கையைக் கதவிலும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"கழட்டியாச்சு. இப்ப சந்தோசமோ?"

"எனக்கென்ன சந்தோசம். அந்தப் பொடியனுக்குத்தான் மூச்சு வந்திருக்கும்."

அந்தப் பொடியன் ஒரு பிளாஸ்டர் சிலை. மோல்டாத் தீவிலிருந்து கப்பலில் வந்தது. பத்து வயதுப் பிள்ளையின் உயரம். மரத்தோடு கைகளைக் கட்டியிருந்தது. இடுப்பில் ஒரு துண்டு மட்டும். உடம்பில் ஐந்து பொன்னிற அம்புகள், ஒவ்வொன்றின் வாலிலும் சிவப்பு இறகு. சிட்னியில் பென்டில் ஹில்லைச் சுற்றியிருந்த மோல்டாக்காரர் பலருக்கு அவர்தான் ஊர்க் காவலர். 'சான் பஸ்தியான்' என்பார்கள். வருஷத்தில் ஒரு நாள், தை மாதத்து ஞாயிறொன்றில், பாண்டு வாத்தியத்தோடு தோளில் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவார்கள். மிச்ச நாளெல்லாம் அவர் மிஸஸ் வெல்லாவின் தகரக் கராஜில், புல்லு வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் குடியிருந்தார்.

அதே வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் விக்னராஜாவும் சந்திரவதனாவும் குடியிருந்தார்கள். அந்த இரண்டு அறை கிடைத்ததே ஒரு புண்ணியம். 1976இல் சிட்னியில் ஒரு கறுத்த மனுசனுக்கு வாடகை வீடு எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. விக்னராஜா பரமட்டாவில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கட்டடப் படம் கீறுகிறவர். டெலிபோனில் அவருடைய இங்கிலீஷைக் கேட்டு உடனே வாருங்கள் என்ற வீட்டுக்காரரெல்லாம், நேரில் முகத்தைக் கண்டதும் இப்போதுதான் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள் என்று கதவைச் சாத்தினார்கள். மிஸஸ் வெல்லா ஒருத்திதான் அவரையும் பார்த்து, பின்னால் மசக்கையில் வாடி நின்ற சந்திரவதனாவையும் பார்த்து, ஒரு கேள்வியும் கேட்காமல் திறப்பைக் கையில் வைத்தாள்.

சந்திரவதனா முதல் நாளே புருஷனைக் கண்டித்தாள். "மனுசியை ஏனப்பா முகத்துக்கு நேர வெள்ளை, வெள்ளை எண்டு கூப்பிடுறியள்? அவ எங்களைக் கறுப்பி எண்டு கூப்பிட்டால் எப்பிடி இருக்கும்?"

"வெள்ளை இல்லை, வெல்லா. அது அவவின்ர பேர்."

மிஸஸ் வெல்லா தங்கம். ஆனால் அவளுக்கு ஒரு தம்பி இருந்தார். சார்லி. கல் அடுக்குகிற வேலை செய்து, கழுத்தும் தலையும் ஒரே அகலமாகப் போன ஆள். திருவிழாச் சபைக்குத் தலைவரும் அவரேதான். வாடகைக்கு வருகிற ஆட்களை நம்பக்கூடாது என்பது அவருடைய வேதவாக்கு. அதற்கு அவர் காட்டும் ஆதாரம், அக்காவின் ஊசி.

அவர்களுடைய தாய் சாகுமுன் மகளுக்கென்று மோல்டாவிலிருந்து கொடுத்துவிட்ட ஊசியில் ஒன்று, பல வருஷத்துக்கு முன் இந்த வீட்டில் காணாமற்போய்விட்டது. அப்போது பின் அறையில் இருந்த யாரோதான் எடுத்திருக்கவேண்டும் என்று சார்லி அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மிஸஸ் வெல்லா ஒருநாள் சந்திரவதனாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மான்ர ஊசி இருந்திருந்தால் உன்ர பிள்ளைக்கு நானே உடுப்புச் செய்து தந்திருப்பன். அது போன நாளோடை எனக்குக் கையே ஓடுறேல்லை" என்று கண்கலங்கினாள்.

ஊசிதானே என்று சந்திரவதனா அடுத்த நாளே ஸ்ரேஷனுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பெட்டி ஊசி வாங்கி, நல்ல காரியமாக இருக்கட்டும் என்று ஒன்றில் நூலும் கோத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மிஸஸ் வெல்லா அவளைக் கட்டிக்கொண்டு சிரி சிரியென்று சிரித்தாள். ஆனால் அந்தப் பெட்டியை ஒருநாளும் திறக்கவில்லை.

"ஒரு ஊசி துலைஞ்சதுக்கு இவ்வளவு கவலையோ?" என்றாள் சந்திரவதனா வீட்டுக்கு வந்து. "நல்ல சனம். எண்டாலும் கொஞ்சம் விசர்."

இப்போது சார்லியின் மனைவிவழி மருமகன் ஒருவன் மோல்டாவிலிருந்து வரப்போகிறான். அவனுக்குப் பின் அறைகள் வேண்டும். இவர்களுக்குப் பிள்ளை பிறந்தால் இரவெல்லாம் கத்தும். வீட்டைவிட்டு எழுப்பிவிடு, எழுப்பிவிடு என்று சார்லி அக்காவைக் குடைந்துகொண்டே இருந்தார். மிஸஸ் வெல்லா மெல்பேர்னில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவதற்குமுன் விக்னராஜாவைக் கூப்பிட்டுக் கராஜ் திறப்பைக் கொடுத்தாள்.

"சார்லி என்ர ஒரே தம்பி. அவனோடை நான் சண்டை பிடிக்கேலாது. நீர் சான் பஸ்தியானைத் தூசி துடைச்சு வடிவாப் பாத்துக்கொள்ளும். நான் திருவிழாவுக்கு நேரை ரெயினால கோயிலுக்கு வந்திடுவன். எல்லாம் நல்லபடி நடந்தால் அவன்ர மனம் இளகும். திருவிழா முடிஞ்சபிறகு சொல்லுறன், நீங்கள் இருக்கலாமோ எண்டு."

ஆக, பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தலைக்குமேல் ஒரு கூரை இருக்குமா இல்லையா என்பது அந்தப் பொடியனின் கையில் இருந்தது. அவனுடைய கையோ மரத்தோடு கட்டியிருந்தது.

விக்னராஜா தனியே போய்த் தூசி துடைத்திருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. சந்திரவதனாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

"ஆரப்பா இது? காவடி எடுத்த பொடியனோ?" என்றாள் அவள்.

அவளுக்கு அப்படித்தானே தோன்றும். அவளுடைய சின்னண்ணன் சன்னதி முருகனுக்கு முதுகெல்லாம் செடில் குத்திக் காவடி எடுத்தவன். விக்னராஜா யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பக்கத்து வாங்கில் இருந்த சிநேகிதன் செபஸ்தியார் கோயில் பெருநாளுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கஞ்சி வாங்கிக் கொடுத்தவன். அந்தக் கஞ்சிக் கடனுக்குக் கதையை விளக்கமாகச் சொன்னார்.

"ரோமாபுரிப் படையில இருந்தவர். இரகசியமா வேதத்தில சேர்ந்திட்டார் எண்டு இராசா கண்டுபிடிச்சு, மரத்தில கட்டி அம்பாலை எய்யச் சொல்லிப்போட்டான்."

"செத்துப்போனாரோ?"

"அதுதான் விசேசம். செத்திட்டார் எண்டு விட்டிட்டுப் போட்டாங்கள். ஒரு விதவைப் பொம்பிளை வந்து பாத்து, மூச்சிருக்கெண்டு கண்டு, அம்பெல்லாம் கழட்டி, மருந்து கட்டிச் சுகப்படுத்தினவ. எழும்பின மனுசன் சும்மா இருந்தாரோ? நேரை இராசாவிட்டைப் போய் நியாயம் கேட்டார். பிறகுதான் அடிச்சுச் சாக்காட்டினவங்கள்."

சந்திரவதனா பின்பாதியைக் கேட்கவே இல்லை. "அப்ப அம்பைக் கழட்டினது பிழையில்லை" என்றாள்.

அன்றிலிருந்து ஒரே பாட்டு. நெஞ்சில் அம்போடு ஒரு பிள்ளை தகரக் கராஜில் வேகிறது, தனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஒன்றே ஒன்றை, நெஞ்சில் இருப்பதை மட்டும் கழற்றிவிட்டு, திருவிழாவுக்கு முதல் செருகிவிட்டால் போயிற்று. மற்ற வீட்டுப் பிள்ளைத்தாச்சிகள் மாங்காய்க்கு ஆசைப்படுவார்கள். மாங்காயென்றால் பிளாக்டவுன் சந்தையிலாவது தேடிப் பார்க்கலாம். இந்த ஆசைக்கு எங்கே போவது என்று விக்னராஜா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலையில், நாளைக்குத் திருவிழா என்ற நிலையில், போய்க் கழற்றினார்.

"கொஞ்சம் பொறுங்கோ, வாறன்" என்று போன சந்திரவதனா ஒரு கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். திருநீறு. தண்ணீர் விட்டுக் குழைத்திருந்தாள்.

"இதென்ன கூத்து?"

"அலகு கழட்டினால் திருநீறு அப்பவேணும். இல்லாட்டிப் புண் ஆறுமோ?"

"சந்திரா, இது சிலை."

"நாங்கள் கோயில்ல வேறை என்னத்தைக் கும்பிடுறம்?"

அவள் விரலால் திருநீற்றை அள்ளி அந்த ஓட்டைக்குள் அடைத்து, மேலே ஒரு பூச்சும் பூசினாள். பிறகு அவர் கையிலிருந்த அம்பை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"பித்தளைபோலக் கிடக்கு. நல்லா மங்கிப்போச்சு. எடுத்ததும் எடுத்தாச்சு, புளி போட்டு மினுக்கித் தாறன்."

வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் புளி என்பது ஊரிலிருந்து சூட்கேசுக்குள் வைத்துக் கொண்டுவந்த பொருள். குழம்புக்கே கிள்ளிக் கிள்ளிப் போடுகிறவள் ஒரு சாமிக்கென்று தாராளமாக எடுக்கிறாளே என்று மனம் நெகிழ்ந்து போய் நின்றுவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் குசினியிலிருந்து சத்தம் வந்தது. "இஞ்சேருங்கோ. ஒருக்கா வாங்கோ."

புளித்தண்ணீர் பொன்னிறமாக இருந்தது. அதில் சிவப்பு இறகுகள் மிதந்தன. சந்திரவதனாவின் கையில் ஒரு சாம்பல் நிறக் கம்பி இருந்தது.

"பித்தளை இல்லை" என்றாள் மெதுவாக. "பெயின்ற்."

விக்னராஜா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறகு இருந்த நுனியில் ஒரு தட்டை மொட்டு. அதில் 7 என்று பொறித்திருந்தது.

"அஞ்சு அம்புதானே இருக்கு. ஏழாம் நம்பர் எப்பிடி வந்தது?"

"முந்தி ஏழு இருந்திருக்கும். ரெண்டு கப்பல்ல துலைஞ்சிருக்கும்" என்றாள் சந்திரவதனா. அந்த நேரம் அது அவருக்கும் நியாயமாகவே பட்டது.

அப்போதுதான் முன்வாசலில் ஹோல்டன் கார் வந்து நின்றது. அந்த இருமல் சத்தம் சார்லியின் காருக்கு மட்டும் உரியது. விக்னராஜா கராஜுக்கு ஓடினார். ஓடுகிற வழியில் கொடியில் காய்ந்த சந்திரவதனாவின் சேலையை உருவிக்கொண்டு போய்ச் செபஸ்தியாரைச் சுற்றிப் போர்த்தார். சார்லி உள்ளே நுழைந்தபோது புனிதர் பச்சைக் கரை வைத்த நூற்சேலையில் நின்றார்.

"இதென்ன?" என்றார் சார்லி.

"தூசி" என்றார் விக்னராஜா. "தூசி படாமல்."

சார்லி சேலையின் தலைப்பைத் தூக்கிக் கால் பக்கத்தில் இரண்டு அம்பை எண்ணினார். கை மேலே போகத் தொடங்கியது. விக்னராஜா நடுவில் புகுந்து நின்றார்.

"உடுப்பை நாளைக்குத்தான் கழட்டவேணும், மிஸ்டர் சார்லி. எங்கட வழக்கத்தில திருவிழாவுக்கு முதல் நாள் சாமி முகத்தைப் பாக்கக்கூடாது."

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. ஆனால் சார்லி மதம் என்றால் மடங்குகிற ஆள். கையை எடுத்தார்.

"அம்புகளைத் தொட்டனீரோ?"

விக்னராஜா தலையை மட்டும் ஆட்டினார். யாழ்ப்பாணத்துத் தலையாட்டல், ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். சார்லி தனக்குச் சரியானதை எடுத்துக்கொண்டார்.

"ஆரும் தொடக்கூடாது. ஒன்பது வருசமா என்ர கை மட்டும்தான் அந்த அம்புகளில பட்டிருக்கு. என்ர அக்காவைக்கூட விடுறேல்லை. துடைக்கிறதும் நான், பெயின்ற் அடிக்கிறதும் நான். விளங்குதோ?"

"நல்லா விளங்குது."

"என்ர மருமகன் அடுத்த மாதம் வாறான்" என்று, கேளாமலே ஒரு செய்தியையும் சொல்லிவிட்டு அவர் போனார்.

கார் சத்தம் மறைந்ததும் விக்னராஜா சேலையை அவிழ்த்துவிட்டு அம்பைச் செருகப் போனார். ஒரு அங்குலம்கூடப் போகவில்லை. தகரக் கராஜின் வெயிலில் திருநீறு காய்ந்து சீமெந்தாகிவிட்டது. ஆணியால் மெல்லக் கிண்டினார். அசையவில்லை. ஆணியின் தலையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். திருநீறு வந்தது. அதோடு செபஸ்தியாரின் நெஞ்சிலிருந்து ஒரு துண்டு பிளாஸ்டரும் வந்தது. இப்போது ஓட்டை பெருவிரல் போகிற அளவு. அம்பை வைத்தால் பொத்தென்று கீழே விழுந்தது.

"இராசா அனுப்பின ஆக்கள்கூட இவ்வளவு செய்யேல்லை" என்றாள் சந்திரவதனா.

"நீர் வாய் திறக்காதையும்."

பொன் பெயின்ற் வாங்கவேண்டும், கொஞ்சம் பிளாஸ்டரும் வாங்கவேண்டும். விக்னராஜா சேட்டு மாற்றிக்கொண்டு கடைக்கு ஓடினார். சனிக்கிழமை மத்தியானம் கழிந்தால் சிட்னியில் பென்சில்கூட வாங்க முடியாத காலம் அது. கடைக்காரன் கண்ணாடிக்கு உள்ளே நின்று கதவுப் பலகையைத் திருப்பிப் போட்டான். இவர் வெளியே நின்று கைகூப்பிக்கூடப் பார்த்தார். அவன் பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் போனான்.

திரும்பி வந்தபோது சந்திரவதனா அம்பைத் தானே திருத்தி வைத்திருந்தாள். மஞ்சள் தூளைப் பசையில் குழைத்துப் பூசியிருந்தாள். நிறம் பரவாயில்லை. ஆனால் அதைத் தொட்டவர் கை, சட்டை, கதவு எல்லாம் மஞ்சளாகியது. நெஞ்சில் வைத்துப் பார்த்தபோது செபஸ்தியாருக்குச் செங்கண்மாரிக் காமாலை வந்ததுபோல் ஆகிவிட்டது. இருவரும் ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து ஒருவாறு அவரைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

விக்னராஜா புல்லு வெட்டும் மெஷினில் சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. டெலிபோன் எடுத்து, ரெயில் ஏறி, முகத்தைக் காட்டி, திரும்பி நடந்த தெருக்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. இனி ஒரு மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தெருக்களில் மறுபடி நடக்கவேண்டும்.

"நாளைக்கு உண்மையைச் சொல்லிப்போடுவம்" என்றார்.

சந்திரவதனா உள்ளே போனாள். வரும்போது அவள் கையில் வேல் இருந்தது.

அந்த வீட்டில் கோயில் என்று இருந்தது அந்த வேல் ஒன்றுதான். பித்தளை, இரண்டு சாண் நீளம், நல்லூரில் வாங்கி அவளுடைய தாய் கொடுத்துவிட்டது. இந்த ஊரில் ஒரு முருகன் கோயில் இல்லை. குசினித் தட்டில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் அதை வைத்துத்தான் அவள் நாள்தோறும் விளக்குக் கொளுத்தினாள்.

"சந்திரா, இது சரிவராது."

"செருகிப் பாருங்கோ. கம்புப் பக்கத்தை உள்ளுக்கு விடுங்கோ."

செருகினார். அளவெடுத்துச் செய்ததுபோல் இறுக்கமாகப் போய் நின்றது. வேலின் இலை வெளியே நின்றது. பத்தடி தள்ளிப்போய்ப் பார்த்தால் அம்பின் வால் இறகு மாதிரியே இருந்தது. மற்ற நான்கு இறகும் மங்கல் சிவப்பு. இது மட்டும் பளபளவென்று மின்னியது.

"அவருக்கும் நோகாது" என்றாள் சந்திரவதனா. "குத்தினது எங்கட ஆளின்ர வேல்தானே." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தட்டில் வெறுமையாய்க் கிடக்கப்போகும் அந்த இடத்தை நினைத்திருப்பாள்.

ஞாயிறு காலை சார்லி தூக்குகிற ஆட்களோடு வந்தார். எல்லார் தோளிலும் சிவப்புப் பட்டி. சேலையை அவிழ்த்து விக்னராஜா மரியாதையாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். சார்லி கால் அம்பைப் பார்த்தார், கை அம்பைப் பார்த்தார், நெஞ்சுக்கு வந்தார். அங்கேயே நின்றுவிட்டார். பின்கழுத்திலிருந்து சிவப்பு ஏறி அவருடைய காது வரைக்கும் போயிற்று.

மெதுவாகத் திரும்பி விக்னராஜாவைப் பார்த்தார்.

"தூக்குங்கோ" என்றார் ஆட்களிடம். இவரிடம் வந்து காதுக்குள், "திருவிழா முடியட்டும். உம்மோடை கதைக்க இருக்கு" என்றார்.

கோயில் வளவில் பாண்டு முழங்கியது. கடதாசிப் பூக்களை அள்ளி அள்ளி எறிந்தார்கள். வெயில் நாற்பதைத் தொட்டிருக்கும். விக்னராஜா கோட்டும் டையும் கட்டிக்கொண்டு, தூக்குமரத்துக்குப் போகிறவர்போலப் பின்னால் நடந்தார். சார்லி சிலையின் முன்வலப்பக்கத்தில் தோள் கொடுத்திருந்தார். ஆனால் ஒரு கையை எந்நேரமும் சிலையின் நெஞ்சுக்கு நேரே உயர்த்தியபடியே நடந்தார். இப்போது பிடுங்குகிறார், இப்போது எல்லாருக்கும் காட்டப்போகிறார் என்று இவர் ஒவ்வோர் அடியிலும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு போனார். ஒரு திருப்பத்தில் சிலை குலுங்கி வேல் ஆடியபோது, சார்லி அதைக் கையால் அமத்தி உள்ளே தள்ளிவிட்டார். ஏன் என்று விக்னராஜாவுக்கு விளங்கவில்லை.

மிஸஸ் வெல்லா ரெயினிலிருந்து நேரே, சூட்கேசும் கையுமாக வந்து சேர்ந்தாள். சிலை முன்னால் வந்ததும் விரலை முத்தமிட்டு நெஞ்சில் வைத்தாள்.

"சார்லி, நெஞ்சு அம்பு என்ன இப்பிடி மின்னுது? கண் கூசுது."

சார்லி முன்னே பார்த்தபடி, விக்னராஜாவின் பேரை அரைவாசியாக்கி, "விக் மினுக்கினவர்" என்றார்.

"எவ்வளவு வடிவு" என்றாள் மிஸஸ் வெல்லா. பக்கத்தில் நின்ற கிழவிகள் எல்லாரும் அதையே சொல்லி, தாங்களும் விரலை முத்தமிட்டார்கள். சந்திரவதனாவை ஒரு மரத்தடியில் கதிரை போட்டு இருத்தியிருந்தார்கள். சிலை வருவதைக் கண்டு அவள் கஷ்டப்பட்டு எழும்பி, இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினாள். "முருகா" என்றாள். வாய்விட்டே சொன்னாள். பாண்டு வாத்தியத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஊரில் தைப்பூசக் காலம்; இங்கே ஒரு கோயிலும் இல்லை என்று ஏங்கிக்கொண்டிருந்தவளின் கண் முன்னே, ஐம்பது மோல்டாக்காரர் தோள் கொடுத்து, அவளுடைய வேலை வீதி சுற்றிக் கொண்டுவந்தார்கள். அவளுக்குத் தேம்பல் வந்தது. பக்கத்தில் நின்ற ஒரு மோல்டாக் கிழவி அவளை அணைத்து, தானும் சேர்ந்து அழுதாள்.

பின்னேரம் செபஸ்தியார் கராஜுக்குத் திரும்பினார். தூக்கின ஆட்களுக்கு மிஸஸ் வெல்லா குசினியில் பலகாரம் வைத்துக்கொண்டிருந்தாள். அறை விஷயம் என்னவென்று விக்னராஜா தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "சார்லி சொல்லுவான். கராஜுக்கு வரட்டாம்" என்றாள்.

சந்திரவதனாவும் கூடவே வந்தாள். "என்னாலை வந்தது. நான்தான் சொல்லவேணும்" என்றாள்.

சார்லி கராஜ் கதவை இழுத்துச் சாத்திக் கொளுக்கி போட்டார். வேலைச் சுட்டிக்காட்டினார்.

"இது என்ன?"

"எங்கட சாமியின்ர வேல்" என்றாள் சந்திரவதனா, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில். "நான்தான் அம்பைக் கழட்டச் சொன்னனான். அவரைப் பாக்கப் பாவமா இருந்தது. இவரிலை ஒரு பிழையும் இல்லை. எங்களை எழுப்புறதெண்டால் பிள்ளை பிறந்தபிறகு எழுப்புங்கோ."

சார்லி அவளைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"நல்ல இறுக்கமா நிக்குது" என்றார். "அது அங்கேயே இருக்கட்டும், உங்களுக்குச் சம்மதமெண்டால்."

சந்திரவதனா தலையாட்டினாள். இந்த முறை அது ஓம்தான்.

"பழைய அம்பு எங்கே?"

விக்னராஜா புல்லு வெட்டும் மெஷினுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து நீட்டினார். மஞ்சளும் புளியும் பசையுமாய், இறகில்லாமல் இருந்தது. சார்லி அதை இரண்டு கையாலும் வாங்கி, நுனியில் இருந்த மொட்டைப் பெருவிரலால் துடைத்தார். ஏழாம் நம்பர் தெரிந்தது. குசினிப் பக்கம் திரும்பி, அக்காவின் சத்தம் தூரத்தில்தான் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்தார். பிறகு குரலை நன்றாகத் தாழ்த்தினார்.

"இதை நல்லாக் கழுவித் தாரும், விக், நீங்கள் வீடு கூட்டேக்க கட்டிலுக்குக் கீழை கண்டெடுத்தனீங்கள் எண்டு அக்காவிட்டைச் சொல்லுவம், என்ர மருமகனுக்கு நான் வேறை இடம் பாக்கிறன், அவ உங்கட பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை பின்னட்டும் — ஒன்பது வருசத்துக்கு முதல் உண்மையான அம்பை முறிச்சுப்போட்டு, அம்மான்ர பின்னல் ஊசிக்குப் பொன் பெயின்ற் அடிச்சுச் செருகினது நான்தான்."